வளவை (நடு முற்றத்தை) மூடணுமா, திறந்தே விடணுமா? கோட்டையூர்ப் பக்கம் புது வீடு, யோசனை சொல்லுங்கள்

கோட்டையூர்_மனை

எல்லோருக்கும் வணக்கம். கோட்டையூருக்குப் பக்கத்தில் 40க்கு 60 மனை இருக்கிறது, ஏறக்குறைய ஐந்தரை சென்ட். கிழக்குப் பார்த்த மனை. பின்னால் மேற்கே பெரிய வேப்பமரம் ஒன்று நிற்கிறது. அதில் கத்தி படக் கூடாது என்று அப்பச்சி (அப்பா) கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு வேலை கோயம்புத்தூரில். வீட்டில் இருக்கப் போவது அப்பச்சியும் ஆத்தாவும் (அம்மா)தான். இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது.

பூர்வீக வீடு பங்காளிகளுக்குப் பொது. அதில் தனியாக எதையும் செய்துகொள்ள முடியாது. ஆனால் அந்த வளவிலும் திண்ணையிலும் புழங்கியவர்களைக் கொண்டுபோய் அடைத்த வீட்டுக்குள் வைக்க எனக்கு மனசு வரவில்லை. வானம் தெரிய வேண்டும், காற்று வர வேண்டும், மழை பெய்தால் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஆத்தா கேட்டது இவ்வளவுதான்.

இன்ஜினியர் கொடுத்த வரைபடத்தில் நடுவே 10க்கு 10 முற்றம், அதற்கு மேலே பாலிகார்பனேட் ஷீட். ஹாலின் மேற்குப் பக்கம் தோட்டத்தைப் பார்த்து 12 அடி அகலத்துக்குக் கண்ணாடி ஸ்லைடிங் கதவு. உள்ளே போடுகிற ஆத்தங்குடிக் கல்லையே (கையால் செய்கிற பூ வேலைத் தரைக்கல்) படி எதுவும் இல்லாமல் வெளியே தோட்டம் வரைக்கும் இழுத்துவிடலாம், உள்ளும் வெளியும் ஒன்றாகத் தெரியும் என்கிறார். படத்தில் பார்க்க அழகாக இருக்கிறது. சித்திரை வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் இது தாங்குமா என்பதுதான் என் கேள்வி. கொசு, குரங்கு பயமும் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பட்டாலை

தம்பி, பழைய வீடுகளைப் பிரித்துப் போடாமல் பழுது பார்த்துக் கொடுப்பது என் தொழில். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கடியாபட்டி என்று இந்த வட்டாரத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

உங்கள் வரைபடத்தில் ஹால் இருக்கிறது, முற்றம் இருக்கிறது, தோட்டம் இருக்கிறது. பத்தி, அதாவது முற்றத்தைச் சுற்றித் தூண் வைத்த தாழ்வாரம், எங்கே? அதைக் காணோம். இதுதான் பெரிய குறை. மற்றதெல்லாம் அப்புறம்.

நம் வீடுகளில் ஆட்கள் நாள் முழுக்க எங்கே இருந்தார்கள் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். காலையில் திண்ணை. வெயில் ஏறியதும் முகப்பு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்வது பட்டாலை. சாயந்தரம் காய் நறுக்குவது, பூக் கட்டுவது, பிள்ளைகள் படிப்பது எல்லாம் வளவைச் சுற்றிய பத்தியில். ராத்திரி பாய் விரிப்பதும் பாதிப் பேர் அங்கேயேதான். அறைகள் பெட்டி வைக்கவும் சாமி கும்பிடவும் சாமான் பூட்டவும் இருந்தன. அறை இருட்டாகவும் சின்னதாகவும் இருந்ததில் யாருக்கும் குறையில்லை, அங்கே யாரும் பொழுதைப் போக்கவில்லை. கூரை உண்டு, ஒரு பக்கம் சுவர் கிடையாது, தூண் மட்டும்: இப்படிப்பட்ட இடத்தில்தான் வாழ்க்கை நடந்தது. அந்த இடத்தை எடுத்துவிட்டு, அறைக்கும் வெட்டவெளிக்கும் நடுவே ஒரு கண்ணாடியை வைத்தால் வெயிலில் இருக்கிறீர்கள் அல்லது அடைபட்டு இருக்கிறீர்கள். நடுவில் ஒன்றும் கிடையாது.

பத்திக்கு ஆழம் வேண்டும். மூன்றடி விட்டால் அது நடைபாதை. ஆறடி இருந்தால் நாற்காலி போட்டு அதைச் சுற்றி ஆள் போகலாம். சாரல் அடித்தால் ஓரத்தில் இரண்டடி நனையும், உள்ளே நாலடி காய்ந்து கிடக்கும். உங்கள் ஆத்தா மழை பார்க்க வேண்டிய இடம் அந்த நாலடி. மனை சின்னது, நான்கு பக்கமும் வேண்டாம். இரண்டு மூன்று பக்கம் கிடைத்தாலே போதும்.

பாலிகார்பனேட் வேண்டவே வேண்டாம். வெயில் ஷீட் வழியாக உள்ளே இறங்கித் தரையைச் சுட வைக்கும். தரை விடுகிற சூடு வெளியேற வழியில்லை. மேலே ஏறிய வெந்த காற்று ஷீட்டுக்கு அடியிலேயே நின்றுவிடும். திறந்த வளவில் அந்தக் காற்று அப்படியே மேலே போய்விடும், அது போகிற இடத்துக்குத் திண்ணைப் பக்கத்திலிருந்தும் பின்கட்டிலிருந்தும் நிழல்காற்று வந்து நிரம்பும். ராத்திரி வானத்தைப் பார்த்துத் தரையும் சுவரும் ஆறும், குளிர்ந்த காற்று வளவுக்குள் இறங்கித் தங்கும். மறுநாள் பத்து மணி வரைக்கும் அந்தக் குளிர்ச்சி கையில் இருக்கும். ஷீட் போட்டால் இந்த இரண்டு வேலையும் நின்றுபோகும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தூசி வருகிறது என்று வளவை மூடினார்கள். இப்போது பங்குனி தொடங்கி ஆடி வரைக்கும் மத்தியானம் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. நூறு வருஷம் ஓடிய வீடு.

தலைவாசலில் நின்றால் பின்வாசல் வரைக்கும் நேராகத் தெரிகிற மாதிரிக் கதவுகளை வைத்ததும் காற்றுக்காகத்தான். உங்கள் மனை கிழக்கு மேற்காக 60 அடி. இதைவிட நல்ல அமைப்பு கிடைக்காது. அந்த நேர்கோட்டை மட்டும் எந்த அலமாரியும் பாத்ரூமும் மறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதுரை_சிவில்

பத்தி பற்றி அண்ணன் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். மேலே மூடுவதில் எனக்குக் கொஞ்சம் வேறு கருத்து.

முதலில் கணக்கு. 40 அடி அகலத்தில் இரண்டு பக்கமும் ஐந்தடி விட்டால் மிச்சம் 30. தெற்கே 12 அடிக்கு அறைகள், அப்புறம் 10 அடி முற்றம், வடக்கே 6 அடி பத்தி. ஆக 28, சுவர் கனத்துக்கு 2. கச்சிதமாக முடிகிறது. கிழக்கே 6 அடி, மேற்கே சாப்பாட்டு மேஜை போடுகிற அளவுக்கு 8 அடி. மூன்று பக்கம் பத்தி வந்துவிடும். நான்காவது பக்கம், அதாவது அறைகளின் சுவரில், ஜன்னல்கள் முற்றத்தைப் பார்த்துத் திறக்கட்டும். பக்கத்தில் விட வேண்டிய இடம் எவ்வளவு என்பதை மட்டும் அனுமதி வாங்கும் இடத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

சின்ன மனையில் முற்றம் எடுபடாது என்பவர்களுக்கு நான் காட்டுவது இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் கட்டிய ஈனா டி சில்வா வீட்டைத்தான். நகரத்து மனைக்குள் வெளிச்சுவரை மூடிவிட்டு, நடுவில் முற்றத்தை வைத்து, எல்லா இடத்தையும் அதைப் பார்த்துத் திருப்பியிருப்பார். பின்னாளில் அந்த வீட்டைப் பிரித்தெடுத்து அவருடைய லுனுகங்கா தோட்டத்தில் மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். சென்னையில் இருப்பவர்கள் முட்டுக்காட்டில் பழைய வீடுகளை வைத்திருக்கிற தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்குப் போனால் ஒரு செட்டிநாட்டு வீட்டுக்குள்ளேயே நடந்து பார்க்கலாம்.

இப்போது கூரை. எழுபதைத் தாண்டிய இரண்டு பேர் தனியாக இருக்கிறார்கள். கார்த்திகையில் நாள் கணக்கில் அடைமழை பிடித்தால் முற்றம் ஈரமாகவே இருக்கும், பாசி பிடிக்கும், வழுக்கும். துடைத்துவிட எப்போதும் ஆள் இருக்குமா? அதனால் ஷீட்டைக் கூரையோடு ஒட்டிப் போடாமல், கூரைக்கு மேலே இரண்டடி தூக்கி இரும்புச் சட்டத்தில் நிறுத்துங்கள். நான்கு பக்கமும் அந்த இரண்டடி திறந்தே இருக்கட்டும். சூடு அந்த வழியாகப் போய்விடும், நேர் மழை விழாது. விளிம்பு நான்கு பக்கமும் ஒன்றரை அடி வெளியே நீள வேண்டும், இல்லாவிட்டால் சாய்ந்து அடிக்கிற மழை உள்ளே வரும். பாலிகார்பனேட் சில வருஷத்தில் மஞ்சளடிக்கும். லேமினேட் செய்த டஃபன்டு கண்ணாடி கூடுதல் செலவு, ஆனால் நிற்கும்.

வானத்தைப் பார்த்து ராத்திரி ஆறுகிற பலன் இதில் குறையும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் வயதானவர்களின் பாதுகாப்பை நான் முதலில் வைக்கிறேன்.

தேவகோட்டை_மருமகள்

நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து திறந்த வளவு உள்ள வீட்டில்தான் இருக்கிறேன். கூட்டுவதும் கழுவுவதும் நான்தான், அதனால் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

திறந்தே விடுங்கள். மேலே கம்பி போட்டு அதன் மேல் வலையும் அடித்துவிடுங்கள். இங்கே பழைய வீடுகளில் முக்கால்வாசி அப்படித்தான் இருக்கின்றன. குரங்கும் வராது, திருடனும் இறங்க முடியாது. வலையின் கண் ரொம்பச் சின்னதாக இருந்தால் இலையும் தூசியும் அடைத்துக்கொண்டு தொங்கும். ஒரு அங்குலக் கண் போதும்.

மழை நாளில் வளவு வழுக்கும் என்பது நிஜம். ஆனால் மழை நாளில் வளவுக்குள் யார் இறங்கப் போகிறார்கள்? பத்தியைச் சுற்றி நடக்க வழியிருந்தால் போதும். இங்கேதான் புது வீடுகளில் தவறு நடக்கிறது. படுக்கையறை ஒரு பக்கம், பாத்ரூம் முற்றத்துக்கு அந்தப் பக்கம். ராத்திரி இரண்டு மணிக்கு ஈரப் பத்தியில் நடந்து போக வேண்டும். அப்பச்சி ஆத்தா அறைக்குப் பாத்ரூம் உள்ளேயே இருக்கட்டும். அடுப்படிக்கும் அவர்கள் அறையிலிருந்து காய்ந்த தரையிலேயே போகிற மாதிரி வழி வையுங்கள். இதைச் சரியாகச் செய்துவிட்டால் வளவு திறந்திருப்பதில் ஒரு பயமும் இல்லை.

வளவு பத்தியைவிட ஒரு அடியாவது பள்ளமாக இருக்க வேண்டும். ஒரே படியாக ஒரு அடி இறங்கினால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு முடியாது. ஆறு அங்குலமாக இரண்டு படி வையுங்கள், அதுவும் தூணுக்குப் பக்கத்தில். தூணைப் பிடித்துக்கொண்டு இறங்கலாம். பத்தியின் விளிம்பில் வேறு நிறத்தில் ஒரு பட்டி ஓடட்டும், கண் மங்கினவர்களுக்கு விளிம்பு தெரியும். திண்ணையின் உயரம் ஒன்றரை அடிக்கு மேல் போக வேண்டாம். பழைய திண்ணைகள் சிலது அழகாக இருக்கும், ஆனால் வயதானவர்கள் ஏறி உட்கார முடியாது.

வளவில் வற்றல் காயும், வடகம் காயும், அப்பளம் காயும். மொட்டை மாடிக்கு ஏற முடியாத வயதில் இது எவ்வளவு பெரிய வசதி என்பது செய்கிறவர்களுக்குத் தெரியும். கண்ணாடிக்கு அடியில் காய வைத்தால் காயும், ஆனால் வேர்த்துக்கொண்டு நிற்கணும். எங்கள் மாமியார் எண்பது வயதிலும் காலையில் வளவுப் பத்தியில் நாற்காலி போட்டுக்கொண்டு மிளகாய் காம்பு கிள்ளுவார்கள். வெயில் நகர நகர நாற்காலியும் நகரும்.

கொசுவுக்கு வளவை மூடிப் பயனில்லை. படுக்கையறைக் கதவுக்கும் ஜன்னலுக்கும் வலைக் கதவு போடுங்கள். டெங்கு கொசு பகலில் கடிப்பது, நல்ல தண்ணீரில் முட்டையிடுவது. அழகுக்காக உருளியில் தண்ணீர் நிரப்பிப் பூ மிதக்க விடுகிறவர்கள் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவணும். தொட்டிச் செடிக்கு அடியில் வைக்கிற தட்டும் அப்படித்தான்.

கோட்டையூர்_மனை

ஆச்சி, பாத்ரூம் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. வரைபடத்தில் அது முற்றத்துக்கு வடக்கேதான் இருக்கிறது! மாற்றச் சொல்கிறேன்.

இன்னும் இரண்டு கேள்வி. ஆத்தங்குடிக் கல்லைத் தோட்டம் வரைக்கும் கொண்டுபோகலாமா? அப்புறம், கோடையில் பேரப்பிள்ளைகள் வந்தால் ஏசி கேட்பார்கள். இப்படித் திறந்த வீட்டில் ஏசி என்ன ஆகும்?

பூக்கல்

கல்லைப் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் கல் அடிக்கிற தொழில்தான்.

வெளியே போடாதீர்கள். காரணத்தைப் புரிந்துகொள்ள, கல் எப்படிப் பிறக்கிறது என்று தெரிய வேண்டும். கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்குவோம். அச்சின் ஒவ்வொரு அறையிலும் சாயம் கலந்த சிமெண்டுக் கூழைக் கரண்டியால் ஊற்றுவோம். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில். அச்சை மெதுவாகத் தூக்கினால் நிறங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும், கலக்காது. அந்தக் கை அசைவு வரத்தான் வருஷக் கணக்காகும். மேலே உலர்ந்த சிமெண்டு மணல் கலவையைத் தூவினால் அது கூழின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதற்கு மேல் ஈரக் கலவையை வைத்து அழுத்தி மட்டம் செய்வோம். இறுகிய பிறகு தண்ணீர்த் தொட்டியில் சில நாள் கிடக்கும். எடுத்து உலர்த்தினால் கண்ணாடி தானாக விட்டுவிடும். சூளையும் கிடையாது, பாலிஷும் கிடையாது. கண்ணாடியின் வழவழப்புதான் கல்லின் முகத்தில் இறங்கியிருக்கும்.

ஆக, நிறம் இருப்பது மேல்பரப்பில் மட்டும். அது சுடாத சிமெண்டு. நேர் வெயில் வருஷக் கணக்கில் பட்டால் நிறம் வெளிறும். மழைத் தண்ணீர் நின்றால் கறை இறங்கும், பாசி பிடிக்கும். முகம் வழவழப்பாக இருப்பதால் ஈரத்தில் வழுக்கும். பழைய வீடுகளைப் பாருங்கள், வளவுக்குள் கருங்கல் பலகை, பத்தியில் பூக்கல். பெரியவர்கள் கணக்காகத்தான் செய்திருக்கிறார்கள்.

பத்தியிலும் விளிம்பில் ஒன்றரை அடிக்குக் கருங்கல் பட்டி ஓடட்டும். ஆச்சி சொன்ன நிற வித்தியாசமும் அதிலேயே வந்துவிடும், சாரல் நனைக்கிற இடமும் கல்லாகிவிடும். கருங்கல்லில் பாலிஷ் வேண்டாம், உளியால் கொத்திவிட்டது அல்லது தீயில் சுட்டுச் சொரசொரப்பாக்கியது வாங்குங்கள்.

பராமரிப்பு சுலபம். ஆசிட் கூடவே கூடாது. புளித் தண்ணீர், எலுமிச்சை சிந்தினால் உடனே துடைத்துவிட வேண்டும். ஈரத்துணியால் தினமும் துடையுங்கள். ஆரம்பத்தில் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைக்கிற பழக்கம் உண்டு. அதன் பிறகு நடக்க நடக்கப் பளபளப்பு ஏறும்.

செம்மண்_காடு

வேப்பமரத்தை வைத்துக்கொண்டே கட்டுவதற்கு உங்கள் அப்பச்சிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். மேற்கே நிற்கிற மரம் என்றால் சாயந்தர வெயிலுக்கு அதுதான் முதல் தட்டி.

மரத்தடியில் சிமெண்டுத் தளம் போட்டுவிடாதீர்கள். அழகாக இருக்கட்டும் என்று பேவர் கல்லைத் தண்டு வரைக்கும் இறுக்கிப் பதித்துவிடுகிறார்கள், வேருக்குத் தண்ணீரும் காற்றும் போவதில்லை. நம் ஊர் செம்மண்ணும் செம்புறாங்கல்லும் மழையை நன்றாகக் குடிக்கும். அதை மூடாமல் விட்டாலே பாதி மழைநீர் சேமிப்பு முடிந்துவிட்டது. நடக்கிற பாதைக்கு மட்டும் கல் பலகைகளை இடைவெளி விட்டுப் போடுங்கள். வேம்பு மாசி பங்குனியில் இலை கொட்டும், கூரை விளிம்பில் மழைத் தண்ணீர் ஓடுகிற வாரியை அந்தச் சமயத்தில் ஒரு தரம், ஐப்பசிக்கு முன்னால் ஒரு தரம் சுத்தம் செய்ய வேண்டும். அஸ்திவாரத்தை மரத்திலிருந்து எவ்வளவு தள்ளி எடுப்பது என்பதைத் தோண்டும்போது வேர் ஓடுகிற பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள், பெரிய வேரை அறுக்காதீர்கள்.

வளவுக்குள் மரம் வேண்டாம். துளசி மாடம், ஒரு நந்தியாவட்டை, தூணில் ஏற்றிய மல்லிகை. 10 அடி முற்றத்துக்கு அதற்கு மேல் போட்டால் இருட்டிவிடும்.

பட்டாலை

மேற்குக் கண்ணாடிக் கதவைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன்.

நம் ஊர் ஏறக்குறைய 10 டிகிரி வடக்கில் இருக்கிறது. சித்திரை பிறக்கிற சமயத்திலும் ஆவணியிலும் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல். நடுவில் கொஞ்சம் வடக்கே சாயும். மார்கழியில் தெற்கே சாயும், அப்போதுகூட நாலடி நீட்டிய கூரை தெற்குச் சுவரில் ஆறடிக்கு நிழல் கொடுத்துவிடும். ஆக வடக்கும் தெற்கும் கூரையாலேயே காப்பாற்றலாம். கிழக்கும் மேற்கும் அப்படியில்லை, சூரியன் தாழ வந்து நேரே உள்ளே நுழையும்.

உங்கள் மேற்குக் கதவுக்கு வெளியே ஒரு தாழ்வாரம் போடுங்கள். எட்டடி ஆழம், கூரை விளிம்பு தரையிலிருந்து ஏழடி உயரத்தில். மூன்று மணி வரைக்கும் கதவில் வெயில் படாது. நாலு மணிக்கு மேல் அடியில் இரண்டு மூன்றடிக்குப் படும், அங்கே வேப்பமர நிழல் வந்து சேர்ந்துகொள்ளும். மிச்சத்துக்கு ஒரு வெட்டிவேர்த் தட்டியை உருட்டி ஏற்றுகிற மாதிரிக் கட்டிவிட்டால் போதும். பங்குனி சித்திரையில் அதில் தண்ணீர் தெளித்தால் வாசமும் வரும், காற்றும் குளிரும். இவ்வளவும் செய்த பிறகு 12 அடிக்குக் கண்ணாடி தேவையா என்று பாருங்கள். நான்கு மடிப்பு மரக்கதவு போட்டால் முழுதும் திறந்துகொள்ளும். இரண்டு தடம் உள்ள ஸ்லைடிங்கில் பாதிக்கு மேல் திறக்காது. கதவின் மேல் பாதியில் சாய்வுப் பலகை வைத்தால் மூடியிருக்கும்போதும் காற்று ஓடும்.

படி இல்லாமல் உள்ளும் வெளியும் ஒரே மட்டம் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். வாடைக்காற்றோடு வருகிற மழை எந்த மட்டத்தையும் தேடி வரும். வெளித்தரை ஒரு அங்குலமாவது தாழ்ந்திருக்கட்டும். அந்த ஒரு அங்குலத்தைச் சின்னச் சரிவாகச் செய்தால் கால் இடறாது, சக்கர நாற்காலியும் போகும். கதவை ஒட்டி ஒரு நீளமான வாய்க்கால், மேலே சல்லடை மூடி. அங்கிருந்து தோட்டத்தைப் பார்த்துப் பத்தடிக்கு ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் வாட்டம் (சரிவு). பார்வைக்கு ஒன்றாகத்தான் தெரியும்.

தூண் வாங்குவதாக இருந்தால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய மரத்தூண்கள் கிடைக்கும். அடிப்பக்கத்தை ஆணியால் குத்திப் பார்த்து வாங்குங்கள், கரையானும் ஈரமும் முதலில் அங்கேதான் தின்னும். மரத்தூணைத் தரையில் நேராக நிறுத்தக் கூடாது. கருங்கல் குடத்தின் (தூணுக்கு அடியில் வைக்கிற கல்) மேல் நிறுத்தினால் தண்ணீர் மரத்தைத் தொடாது. மாடி பாரம் ஏறுகிற இடமென்றால் இன்ஜினியரைக் கேட்காமல் பழைய தூணை நம்ப வேண்டாம்.

சிவில் தம்பி சொன்ன தூக்கிய கூரையை நான் எதிர்க்கவில்லை. மூட வேண்டிய கட்டாயம் வந்தால் அதுதான் சரியான முறை. ஆனால் சட்டத்தை இப்போதே வைத்துவிட்டு, கண்ணாடி போடாமல் இரண்டு ஐப்பசி இருந்து பார்க்கச் சொல்லுவேன்.

மதுரை_சிவில்

அண்ணன் சொன்ன வழி நல்ல வழி. சட்டத்தைக் கண்ணாடியின் எடைக்குத் தகுந்த மாதிரி முதலிலேயே போட்டுவிடுங்கள், பின்னால் ஏற்றினால் சிரமம்.

ஏசிக்குப் பதில்: முழு வீட்டுக்கும் யோசிக்காதீர்கள். தெற்கே இருக்கிற அறைகளில் இரண்டை மட்டும் இறுக்கமாக மூடுகிற கதவு ஜன்னலோடு கட்டுங்கள், அவற்றுக்கு மட்டும் ஏசி. அறையின் மேல்தளத்தில் தட்டோடு (தட்டையான ஓடு) பதித்துவிட்டால் மெஷினுக்குச் சுமை குறையும். வெளி யூனிட்டை முற்றத்துக்குள் மாட்டவே கூடாது. அறையிலிருந்து எடுத்த சூட்டை எல்லாம் வளவில் கொட்டும். தெற்குப் பக்கச் சந்தில் மாட்டுங்கள்.

ஹாலுக்கும் பத்திக்கும் மின்விசிறி போதும். பத்தியில் மாட்டுகிற விசிறி சாரல் படாத உள்பக்கமாக இருக்கட்டும்.

கோட்டையூர்_மனை

நேற்று ராத்திரி அப்பச்சிக்கும் ஆத்தாவுக்கும் இந்த இழை முழுவதையும் போனில் படித்துக் காட்டினேன். ஆத்தா தேவகோட்டை ஆச்சி எழுதியதை இரண்டாம் முறை படிக்கச் சொன்னார்கள்.

முடிவு இதுதான். பாலிகார்பனேட் இல்லை. முற்றம் திறந்தே, கம்பியும் ஒரு அங்குல வலையும். தூக்கிய சட்டம் மட்டும் இப்போது. மூன்று பக்கம் பத்தி, வடக்கும் கிழக்கும் ஆறடி, மேற்கு எட்டடி. பத்திக் கூரை மூன்றும் வளவுக்குள் சரியும், நாட்டு ஓடு போடலாம் என்று இருக்கிறோம். தெற்கே அறைகள், பெற்றோர் அறைக்குள்ளேயே பாத்ரூம். மேற்கே தாழ்வாரம், அங்கே ஒரு ஊஞ்சல். பின்னால் தோட்டத்துக்கான இடம் கொஞ்சம் குறைகிறது, பரவாயில்லை, மரம் நிற்கிறது. முகப்பில் அப்பச்சி கேட்ட திண்ணை ஒன்றரை அடி உயரத்தில், ஆறடி ஆழத்தில். தெருவில் போகிறவர்கள் வந்து உட்காரணும், அதற்குக் கிரில் போட்டு அடைக்காதே என்று சொல்லிவிட்டார்கள்.

இன்ஜினியர் வரைபடத்தை மாற்ற ஒத்துக்கொண்டார். வளவுத் தண்ணீர் வெளியே போக 2 அங்குலக் குழாய் ஒன்று போதும் என்கிறார். போதுமா?

மதுரை_சிவில்

போதாது. மூன்று பக்கக் கூரையும் வளவும் சேர்த்தால் 24க்கு 16, சுமார் 380 சதுர அடி, அதாவது 35 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் கொட்டினால் ஏறக்குறைய 1,750 லிட்டர் தண்ணீர் வளவுக்குள் இறங்கும். வடகிழக்குப் பருவத்தில் அதற்கு மேலும் கொட்டும். 4 அங்குலக் குழாய் இரண்டு வையுங்கள், எதிரெதிர் மூலையில். இலை அடைத்து ஒன்று நின்றாலும் இன்னொன்று வேலை செய்யும். இரண்டும் தனித்தனியாக வெளியே வரட்டும், தரைக்கடியில் சேர்க்க வேண்டாம். வெளியே ஒரு வண்டல் தொட்டி, அதிலிருந்து மழைநீர்க் குழிக்கு. 2003லிருந்து தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு எப்படியும் கட்டாயம். மனையில் கிணறு இருந்தால் வண்டல் தொட்டியில் தெளிந்த தண்ணீரை அதற்கே விடலாம்.

பட்டாலை

குழாயின் வெளிவாயில் கம்பி வலை மாட்டச் சொல்லுங்கள், எலியும் பாம்பும் அந்த வழியாகத்தான் வளவுக்கு வரும். சிமெண்டு வைத்துப் பூசிவிடாமல் கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்க வேண்டும், அடைத்தால் கையை விட்டு எடுக்கணும். அப்புறம், தரைக்கல் பதிப்பதற்கு முன்னால் வளவில் பத்துக் குடம் தண்ணீரைக் கொட்டி, எந்த மூலையிலும் நிற்காமல் ஓடுகிறதா என்று கூடவே நின்று பாருங்கள். கல் பதித்த பிறகு வாட்டத்தைத் திருத்த முடியாது.